மயிலாத்தாள் காலுக்குள் ஒரு தகடு

ஜைபுன்னிசாவிடம் நாச்சிமுத்து சீடராகச் சேர்ந்தபோது குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவைத் தேடி அவர் மலையேறவில்லை. ஆவாரம்பாளையத்தில் அவர் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் ஜைபுன்னிசாவின் பழைய இரும்புக் கிடங்கு இருந்தது. பவுண்டரிகள் உருக்கி ஊற்றுவதற்கு வேண்டிய எஃகை அங்கே வகைவகையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜைபுன்னிசா பாலிடெக்னிக்கில் உலோகம் படித்தவர். அத்தா என்று அவர் கூப்பிட்ட அப்பா காலமான பிறகு கிடங்கை எடுத்து நடத்தி வந்தார்.

நாச்சிமுத்து டவுன் பஸ்ஸில் முப்பத்து நாலு வருஷம் கண்டக்டராக நின்றவர். ஓய்வு பெற்ற பின் அவருக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. மனைவி மயிலாத்தாள் குழம்பு வைத்தால் பக்கத்தில் நின்று உப்புப் பார்த்தார். துணி காயப்போட்டால் கொடியில் இடம் மாற்றிப் போட்டார். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த மயிலாத்தாள், ஒருநாள் காலையில் அவரைக் கையோடு கூட்டிவந்து கிடங்கு வாசலில் நிறுத்தினார்.

“அம்மிணி, இவருக்கு ஏதாச்சும் வேலை குடு. பகல்ல நீ வெச்சுக்க. சாயங்காலம் அனுப்பிப்போடு.”

“என்ன வேலைங்கக்கா தெரியும் அண்ணனுக்கு?”

“நிக்கத் தெரியும்” என்றார் மயிலாத்தாள்.

அது போதும் என்று ஜைபுன்னிசா சேர்த்துக்கொண்டார்.

நாச்சிமுத்து குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். லாரி ஸ்பிரிங் பட்டை, உடைந்த பம்பு, கம்பி, குழாய், கரண்டி, அரம் என்று ஆள் உயரத்துக்குக் கிடந்தது.

“இதுல கத்துக்கறதுக்கு என்னங்கம்மிணி இருக்குது? அத்தனையும் இரும்புதானே.”

ஜைபுன்னிசா ஒரு கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டு, சாணைச் சக்கரத்தை ஓடவிட்டார். குவியலிலிருந்து நாலு துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

முதலில் ஒரு கட்டுமானக் கம்பியைச் சக்கரத்தில் வைத்தார். வெளிர்மஞ்சள் கோடுகள் நீளமாக, நேராகப் பாய்ந்தன. அடுத்து ஒரு பழைய அரம். பொறிகள் கொஞ்ச தூரம்கூடப் போகாமல் மத்தாப்பு மாதிரி கிளைகிளையாக வெடித்தன. மூன்றாவது பம்பின் உடைந்த ஓடு. மங்கலான சிவப்பில் குட்டையாக வந்து அடங்கியது. கடைசியில் ஒரு தேய்ந்த டிரில் பிட். அதில் வெடிப்பே இல்லை. செம்மஞ்சள் புள்ளிகள் விட்டுவிட்டு மெல்லிசாக ஓடின.

“நாலும் ஒண்ணாங்ணா?”

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “இன்னொருக்கா காட்டுங்க.”

மறுபடி காட்டினார். அன்று பகல் முழுக்க அவர் கேட்கக் கேட்க ஜைபுன்னிசா காட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாச்சிமுத்து கேட்டார்.

“எதனாலங்க இப்படி மாறுது?”

“உள்ள சேர்த்திருக்கறதாலதான். நூறு கிலோ கம்பில கரி கால் கிலோகூட இருக்காது. அரத்துல ஒரு கிலோவுக்கு மேல. பம்பு ஓட்டுல மூணு கிலோ, அதுக்கு மேலயும்.”

“கரின்னா நம்ம அடுப்புக் கரியா?”

“அந்தச் சாதிதான்.”

“அந்தக் கொஞ்சூண்டு கரிக்கா இத்தனை கூத்து?”

“ஆமாங்ணா. டிரில் பிட்டுல கரி போக டங்ஸ்டன், மாலிப்டினம்னு வேற ஆளுங்களும் இருக்காங்க. சூடேறினாலும் அது கூர் மழுங்காது.”

நாச்சிமுத்து வீட்டுக்குப் போய் மயிலாத்தாளிடம், “இரும்பு இருக்குதே, அது ஒரு பஸ்ஸு மாதிரி. யார் ஏறியிருக்காங்கன்னு பாக்கணும்” என்றார். மயிலாத்தாள், “இன்னிக்கு உப்பு சரியா இருக்குதா?” என்று கேட்டார். அவர் தட்டைப் பார்க்காமலே சரியாக இருக்கிறது என்றார். மயிலாத்தாளுக்கு நிம்மதியாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஓர் இரும்புத் தண்டு வந்தது. தலைப்பில் எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தது. நாச்சிமுத்து அதைப் படித்து, சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதற்குரிய தொட்டியில் போட்டார். ஜைபுன்னிசா அதை எடுத்துச் சக்கரத்தில் வைத்தார். பொறி வேறு சொன்னது.

“எழுதியிருந்ததுங்களே அம்மிணி.”

“எழுதினவன் ஒருத்தன், உருக்கினவன் ஒருத்தன். எழுத்தைப் படிக்காதீங்க. பொறியைப் படிங்க.”

நாச்சிமுத்து அதை மனத்தில் இருத்திக்கொண்டார். அவர் எதையும் அரைகுறையாக மனத்தில் இருத்துகிறவர் இல்லை. பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அதுதான் காரணம்.

இன்னொரு நாள் கேட்டார். “இத்தனை எஃகுல ஒசத்தி எதுங்க?”

ஜைபுன்னிசா இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “இது ஒசத்திங்ணா. நல்லா அறுக்கும். இதை வெச்சு அந்தக் கம்பியெல்லாம் சேர்த்துக் கட்டிப்போடுங்க.”

நாச்சிமுத்து பிளேடைக் கம்பிகளைச் சுற்றி வளைத்தார். படீரென்று மூன்று துண்டாகப் போனது. இன்னொன்று வாங்கி மெதுவாக வளைத்துப் பார்த்தார். அதுவும் போனது.

“கட்டுக்கம்பி குடுங்கம்மிணி.”

“அது மட்டமானதாச்சே.”

“கட்டறதுக்கு அதுதானுங்களே வேணும்.”

ஜைபுன்னிசா கட்டுக்கம்பிச் சுருளை அவரிடம் எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். நாச்சிமுத்து கட்டி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இந்தக் குருவை மிகவும் பிடித்துப்போயிருந்தது. குருவும் அந்த வயசான சீடரைத் தன் அத்தாவின் நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். நாச்சிமுத்துதான் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு எவர்சில்வர் சுமைகள் வரத் தொடங்கின. ஜைபுன்னிசா ஒரு காந்தத்தைக் கொடுத்து, “ஒட்டுனா இந்தப் பக்கம், ஒட்டலைன்னா அந்தப் பக்கம். மொத சலிப்புக்கு இது போதும்” என்றார். முதல் சலிப்புக்கு என்பதை நாச்சிமுத்து அவ்வளவாகக் கவனிக்கவில்லை. காந்தம் அவரை மயக்கிவிட்டது. சாணை வேண்டாம், கண்ணாடி வேண்டாம், வைத்தால் பதில். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து தனக்கென்று ஒரு காந்தம் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முன்னாளில் விசில் இருந்த பை அது.

போகிற வழியில் கேட்டிலெல்லாம் வைத்துப் பார்த்தார். டீக்கடைப் பாய்லரில் வைத்துப் பார்த்தார். சம்பந்தி வீட்டில் சீர்வரிசைப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்து, மயிலாத்தாளிடம் தொடையில் கிள்ளு வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயிலாத்தாள் கூடத்தில் பாய் போட்டுக் கண்ணயர்ந்திருந்தார். நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, மனைவியின் இடதுகாலில் இருந்த தழும்புமேல் காந்தத்தை வைத்தார்.

அந்தத் தழும்பு இரண்டு வருஷத்துக்கு முந்தியது. பஸ் படியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எஃகுத் தகடு ஒன்றை வைத்து, ஆறு திருகாணி போட்டு முடுக்கித் தைத்தார்கள். அது நாச்சிமுத்து வேலை பார்த்த பஸ் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து தன்மேல்தான் குற்றம் என்பது போலவே அவர் நடந்துகொண்டார்.

மயிலாத்தாள் விழித்துக்கொண்டார். “என்ன பண்றீங்க?”

“ஒட்டலை.”

“என்னது ஒட்டலை?”

“காந்தம். உனக்கு நல்ல எஃகுதான் வெச்சிருக்காங்க புள்ளே.”

மயிலாத்தாள் எழுந்து உட்கார்ந்தார். “அப்படியே என் மண்டையிலயும் வெச்சுப் பாத்துருங்க. உங்களோட இத்தனை வருசம் இருந்ததுல அது என்ன ஆயிருக்குதுன்னு எனக்கும் தெரியோணும்.”

அந்த வாரம் முழுக்க நாச்சிமுத்து கிடங்கில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார்.

அடுத்த வாரம் ஒரு சமையல் கான்ட்ராக்டரின் பழைய தட்டுகளும் அண்டாக்களும் வந்தன. நாச்சிமுத்து காந்தத்தை வைத்து வைத்துப் பார்த்து, ஒட்டாததையெல்லாம் நல்ல தொட்டியில் நிறைத்தார். தொட்டி நிறைந்ததும் குருவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஜைபுன்னிசா மேலே கிடந்த இரண்டு தட்டுகளை எடுத்தார். ஒன்றின் விளிம்பில் துருப் புள்ளிகள் இருந்தன. ஒரு சிறிய புட்டியைத் திறந்து எஃகைச் சோதிக்கும் மருந்தை இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். ஒன்றில் சொட்டு அப்படியே இருந்தது. மற்றதில் சற்று நேரத்தில் சிவந்தது.

“ரெண்டும் காந்தத்துல ஒட்டலீங்களே அம்மிணி.”

“ஒட்டாதுங்ணா. இதுல நூத்துக்குக் குரோமியம் பதினெட்டு, நிக்கல் எட்டு. அதான் துருப்பிடிக்காம நிக்குது. செவந்துச்சே, அதுல நிக்கலைக் கொறச்சுட்டு மாங்கனீசைப் போட்டிருக்காங்க. மாங்கனீசு போட்டாலும் காந்தம் ஒட்டாது. ஆனா புளியும் உப்பும் பட்டுப்பட்டுக் கொஞ்ச நாள்ல இப்படிப் புள்ளி விழும்.”

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்துப்போனது.

“காந்தம் ஒட்டலைன்னா நல்லதுன்னு சொல்ல முடியாதுங்களா?”

“முடியாதுங்ணா. அதுக்குப் போயி ஏன் இப்படி ஆயிட்டீங்க? திருப்பிப் பிரிச்சாப் போச்சு.”

தொட்டிக்காக அவர் வருத்தப்படுகிறார் என்று ஜைபுன்னிசா நினைத்தார். நாச்சிமுத்துவின் கண்முன்னால் அந்தத் தட்டின் விளிம்புதான் நின்றது. புளிக்கும் உப்புக்குமே இப்படி என்றால் ரத்தத்துக்கு எப்படி என்று அவர் நினைத்தார்.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தார். நடுவில் ஒரு காகிதத்தில், தகட்டின் விவரம் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதிலிருந்ததைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு மறுநாள் காலையில் கிடங்குக்கு வந்தார்.

“அம்மிணி, முந்நூத்திப் பதினாறு, பக்கத்துல எல்லுன்னு ஒரு எழுத்து. அதென்ன எஃகுங்க?”

“அது நல்ல சாமானுங்ணா. குரோமியம் பதினாறு பதினேழு, நிக்கல் பத்துக்கு மேல, மாலிப்டினம் ரெண்டு. நூறு கிலோவுல கரி முப்பது கிராமுக்கு மேல இருக்கக் கூடாது. அதுக்குத்தான் அந்த எல்லு. உப்புத் தண்ணில கிடந்தாலும் சட்டுனு அரிக்காது. மருந்துக் கம்பெனிக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் அதைத்தான் போடுவாங்க.”

நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. தெளிந்த வேகத்திலேயே மறுபடி இருண்டது. எழுதினவன் ஒருத்தன், உருக்கினவன் ஒருத்தன்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் கிடங்கு வாசலில் லாரி புறப்பட நின்றது. ஜைபுன்னிசா காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒண்ணு கேக்கோணுமுங்க.”

“கேளுங்கண்ணா.”

“ஒரு எஃகு உள்ளுக்குள்ள இருக்குது. மேல மூடியிருக்குது. சாணைக்குக் கொண்டுவர முடியாது. மருந்து விட முடியாது. எழுத்தையும் நம்ப முடியாது. அது இன்னதுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?”

“வெளிய எடுத்துத்தான் பாக்கோணும்.”

“வேற வழியே இல்லீங்களா?”

“இல்லீங்ணா” என்று சொல்லிவிட்டு ஜைபுன்னிசா லாரிக்காரரிடம் காகிதத்தை நீட்டினார். ஏதோ பம்புக்குள் இருக்கும் தண்டைப் பற்றிக் கேட்கிறார் என்று அவர் நினைத்தார். பதில் சரியான பதில்தான்.

மறுநாள் நாச்சிமுத்து ஃபைலை எடுத்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பழைய எக்ஸ்ரே படத்தையும் போன முறை எடுத்த படத்தையும் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தகடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எடுக்கவேண்டிய அவசியம் இல்லை என்றார். எடுத்தே ஆகவேண்டும் என்று நாச்சிமுத்து ஒற்றைக்காலில் நின்றார். மனசுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்து, அம்மாவும் சம்மதித்தால் எடுத்துவிடலாம், வியாழக்கிழமை அவரைக் கூட்டிவாருங்கள், பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து குருவிடம் லீவு கேட்டார்.

“நாளைக்கும் மறுநாளும் வர முடியாதுங்கம்மிணி. ஊட்டுக்காரிக்கு ஆபரேசன்.”

ஜைபுன்னிசா அதிர்ந்துபோனார். “அக்காவுக்கா? என்னாச்சுங்ணா?”

“கால்ல வெச்ச தகட்டை எடுக்கறதுக்கு.”

“எதுக்கு? சீழ் வெச்சிருச்சா?”

“அதெல்லாம் இல்லீங்க. வெளிய எடுத்துத்தான் பாக்கோணும்னு நீங்கதானே சொன்னீங்க. வேற வழி இல்லைன்னும் சொன்னீங்க.” நாச்சிமுத்து தயங்கிவிட்டுச் சொன்னார். “எடுத்ததும் நேரா இங்கதான் கொண்டாருவேன். நீங்களே சாணைல வெச்சுப் பாத்துச் சொல்லிப்போடுங்க.”

ஜைபுன்னிசா ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தை நிறுத்தினார். கையைக் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “வாங்கண்ணா, வீட்டுக்குப் போலாம்” என்றார்.

வீட்டுக் கூடத்தில் ஒயர் கூடை தயாராக இருந்தது. துண்டு, சோப்பு, மாற்றுச் சேலை, பிளாஸ்க் எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. மயிலாத்தாள் சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

“வா கண்ணு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றவர், கணவரிடம் திரும்பி, “போய் டீ வெய்யுங்க. சர்க்கரை மேல் தட்டுல இருக்குது” என்றார்.

நாச்சிமுத்து உள்ளே போனார். மயிலாத்தாள் சுவரோரம் சாய்த்திருந்த நாற்காலியை எடுத்து வந்து விரித்துப் போட்டார். அவர் நடந்துபோனதையும் நடந்துவந்ததையும் ஜைபுன்னிசா பார்த்துக்கொண்டிருந்தார். சாணைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர் கண் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“ஆபரேஷன் எதுக்குங்கக்கா?”

“அவருக்கு மனசு ஆறலை. உள்ள இருக்கறது மட்டமான எஃகாம். அரிச்சுப்போடுமாம்.”

“நீங்க சரின்னுட்டீங்களா?”

மயிலாத்தாள் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பதினஞ்சு நாளா அந்த மனுசன் தூங்கலை கண்ணு. சோறு எறங்கறதில்லை. எடுத்துப்போட்டா அவரு கொஞ்சம் கண்ணை மூடுவாரில்ல. அதுக்குத்தான் சரின்னேன்.”

“உங்களுக்குப் பயமா இல்லீங்களா?”

“இல்லாம என்ன. போன தடவை முதுகுல ஊசி போட்டாங்களே, அதை நெனச்சா இப்பவும் அந்த எடம் சுள்ளுங்குது.” மயிலாத்தாள் முதுகைத் தேய்த்துக்கொண்டார். “எனக்கு ரெண்டு நாள் பயம். அவரு பதினஞ்சு நாளாப் பயந்துட்டிருக்காரே.”

டம்ளர்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து டீத்தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. தட்டில் பாதி டீ சிந்தியிருந்தது.

ஜைபுன்னிசா எழுந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

“அண்ணா, தப்பு என்னுது. அன்னிக்கு நீங்க கேட்டப்ப, எதுக்குள்ள இருக்கற எஃகுன்னு நான் திருப்பிக் கேட்டிருக்கோணும். கேக்கலை.”

“நீங்க சொன்னதுல தப்பில்லீங்கம்மிணி. அதைத் தெரிஞ்சுக்க வேற வழி இல்லை.”

“யாரை யாரைக் கேட்டீங்க?”

“காந்தத்தை வெச்சுப் பாத்தேன். ஃபைலைப் பாத்தேன். உங்களைக் கேட்டேன். டாக்டரைக் கேட்டேன்.”

“அக்காவை?”

“அவளுக்கு எஃகைப் பத்தி என்னங்க தெரியும்?”

“எஃகைப் பத்தி வேண்டாங்ணா. கால் வலிக்குதான்னு கேட்டீங்களா?”

நாச்சிமுத்து தழும்பைப் பார்த்திருக்கிறார், தடவியிருக்கிறார், வீங்கியிருக்கிறதா என்று நூலை வைத்து அளந்தும் பார்த்திருக்கிறார். கேட்டதில்லை.

“இப்பக் கேளுங்க” என்றார் குரு.

நாச்சிமுத்து மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆனவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வெட்கமாக இருந்தது.

“மயிலு, கால் வலிக்குதா?”

மயிலாத்தாள் சிரிக்கப் போனார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“தகடு வெச்ச காலு ஒண்ணும் பண்றதில்லைங்க. போன மாசம் அதை வெச்சுட்டுத்தானே மருதமலைப் படி ஏறினேன். இந்த வலதுகாலுதான். ஒரு வருசமா முழங்கால்ல வலி. ஒடிஞ்ச காலுக்குப் பயந்து பயந்து பாரத்தையெல்லாம் இதுலயே போட்டுட்டேன். விடிகாலைல எந்திரிக்கறப்ப சுவத்தைப் புடிச்சுட்டுத்தான் நிக்கறேன்.”

“ஒரு வருசமாவா? ஏன் புள்ளே சொல்லலை?”

“நீங்க அந்தக் காலையே பாத்துட்டிருந்தீங்க.”

நாச்சிமுத்துவின் கை மெதுவாக நகர்ந்து மயிலாத்தாளின் வலது முழங்கால்மேல் போய் நின்றது. மயிலாத்தாள், “அம்மிணி முன்னால என்னங்க இது” என்றார். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜைபுன்னிசா மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்து எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது நாச்சிமுத்து பின்னால் வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரி வேண்டாமுங்களா?”

“போங்க. நாள் குடுத்திருக்காங்களே. வலதுகாலைக் காட்டிட்டு வாங்க.”

நாச்சிமுத்து தலையாட்டினார். ஜைபுன்னிசா தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்ததும், சீடருக்கு மறுபடி பொறுக்கவில்லை.

“அம்மிணி, அந்தத் தகடு?”

ஜைபுன்னிசா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

“அது அதோட வேலையப் பாத்துட்டுத்தான் இருக்குதுங்ணா. நீங்க உங்க வேலையப் பாருங்க.”